கடிக்காத பாம்பு

வேதாகமத்தில் வரும் முதல் பாம்பு யாரையும் கடிக்கவில்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்தவர்கள்கூட இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பல்லும் இல்லை, விஷமும் இல்லை, சீற்றமும் இல்லை. ஒரு கேள்வி கேட்கிறது, வந்த பதிலை மறுத்து இரண்டு வாக்கியம் சொல்கிறது, அவ்வளவுதான். அப்புறம் வேதாகமம் முழுவதிலும் எந்தப் பாம்பும் மனிதக் குரலில் பேசுவதில்லை.

கடிக்கிற பாம்புகள் வேறு இடத்தில் வருகின்றன. எண்ணாகமம் 21இல் வனாந்தரத்தில் நடந்து களைத்த ஜனங்களை அவை கடிக்கின்றன, நிறையப் பேர் சாகிறார்கள். ஆனால் அந்தப் பாம்புகளை அனுப்பியது கர்த்தர் என்று அதே வசனம் சொல்கிறது. அவற்றை யாரும் சாத்தான் என்று அழைப்பதில்லை. கொன்ற பாம்புகள் தப்பிவிட்டன, பேசிய பாம்புக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்தவ வேதத்தில் பாம்பு எப்படித் தீமையின் அடையாளமானது என்று பார்க்க இந்த முரணிலிருந்து தொடங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தீமை பெரும்பாலும் பாம்பின் வாயில்தான் இருக்கிறது, அதுவும் பேசுகிற வாயில்.

ஏதேன் உரையாடலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் ஆதாமிடம் சொன்னது இதுதான்: எல்லா மரத்தின் கனியையும் தாராளமாகச் சாப்பிடலாம், ஒரு மரம் மட்டும் வேண்டாம். பாம்பு வந்து கேட்கிறது: “நீங்கள் தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ?” சொற்கள் ஏறக்குறைய அவர் சொன்னவைதான். அனுமதி மட்டும் தடையாகத் திரும்பிவிட்டது. ஏவாள் உடனே திருத்துகிறாள். ஆனால் திருத்தும்போதே ‘தாராளமாக’ என்பதை விட்டுவிடுகிறாள், ‘தொடவும் கூடாது’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறாள். தொடுவதைப் பற்றி அதற்கு முன் ஒரு பேச்சும் இல்லை. கேள்வி தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இன்னொரு சிறிய விஷயம். அந்த இரண்டு அதிகாரங்களிலும் கதைசொல்லி ‘தேவனாகிய கர்த்தர்’ என்றே எழுதிக்கொண்டு வருகிறார். பாம்பும் ஏவாளும் பேசிக்கொள்ளும் அந்தச் சில வரிகளில் மட்டும் வெறும் ‘தேவன்’. பக்கத்தில் நடமாடுகிற ஒருவர், அங்கே இல்லாத ஒருவராக, பேசுபொருளாக ஆகிவிடுகிறார்.

அடுத்தது “நீங்கள் சாகவே சாவதில்லை” என்ற வாக்கு. இது பொய்தானே என்றால், முழுப் பொய்யும் இல்லை. கனியைத் தின்ற அன்று அவர்கள் விழுந்து சாகவில்லை. ஆதாம் 930 வருஷம் வாழ்ந்ததாக ஐந்தாம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. கண்கள் திறக்கும் என்றது, திறந்தன. தேவர்களைப்போல் ஆவீர்கள் என்றது, மனிதன் நம்மில் ஒருவரைப்போல் ஆனான் என்று கடவுளே 22ஆம் வசனத்தில் ஒப்புக்கொள்கிறார். திறந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது தங்கள் நிர்வாணம் என்பதைத்தான் பாம்பு சொல்லாமல் விட்டது. பச்சைப் பொய்யைப் பிடித்துவிடலாம். முக்கால் உண்மையைப் பிடிப்பது கஷ்டம்.

இங்கே எபிரெயத்தில் ஒரு சிலேடை இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆதாமும் ஏவாளும் ‘அரூம்மிம்’, அதாவது நிர்வாணமானவர்கள். அடுத்த வசனத்தில் பாம்பு ‘ஆரூம்’, தந்திரமுள்ளது. ஓசையில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலிருக்கும். ‘ஆரூம்’ திட்டுச் சொல்லும் கிடையாது. நீதிமொழிகள் 22:3இல் ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்கிற ‘விவேகி’யைக் குறிக்கும் சொல் இதுவே. அதாவது முதல் அறிமுகத்தில் பாம்பு கெட்டது என்று கதை சொல்லவில்லை, சாமர்த்தியமானது என்கிறது. காட்டு ஜீவன்களில் ஒன்று, கடவுள் உண்டாக்கியது என்கிறது. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

சாத்தான் எங்கே என்று தேடினால் ஆதியாகமத்தில் கிடைக்க மாட்டான். அந்தப் பெயரே அந்தப் புத்தகத்தில் இல்லை. பாம்புக்குக் கிடைக்கும் தண்டனையும் பாம்புக்கானது: வயிற்றால் நகர வேண்டும், மண்ணைத் தின்ன வேண்டும். விழுந்த தூதன் ஒருவனுக்கு இப்படித் தண்டனை கொடுத்தால் பொருந்தாது. எபிரெய வேதத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், ‘சாத்தான்’ என்பது முதலில் ஒரு பெயராகவும் இல்லை. எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்ற பொதுச்சொல். எண்ணாகமம் 22இல் பிலேயாமின் வழியை மறித்து நிற்கும் கர்த்தருடைய தூதனுக்கே இந்தச் சொல் பயன்படுகிறது. யோபு புத்தகத்தில் பரலோக சபைக்கு வந்துபோகும் சாத்தானும் வழக்கு மன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரிதான் நடந்துகொள்கிறான். பாம்பு ஒரு பக்கம், சாத்தான் ஒரு பக்கம். இருவருக்கும் அறிமுகமே இல்லை.

அறிமுகம் நடந்தது இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் என்ற நூல் (2:24), அலகையின், அதாவது பிசாசின், பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்கிறது. பாம்பு என்று சொல்லவில்லை, ஆனால் ஏதேனை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறது என்று பலரும் வாசிக்கிறார்கள். முதலாம் ஏனோக்கு என்ற பழைய யூத நூலில் ஏவாளை வழிதவறச் செய்தவன் பெயர் கத்ரேயேல், அவன் ஒரு தூதன். ஆதாம் ஏவாள் வாழ்க்கையைச் சொல்லும் வேறொரு பழைய நூலில் பிசாசு பாம்பிடம் போய், எனக்கு நீ பாத்திரமாக இரு, உன் வாய் வழியாக நான் பேசுகிறேன் என்று கேட்டு வாங்குகிறான். ஒரே கேள்விக்குப் பல பேர் பலவிதமாக விடை எழுதிப் பார்த்த காலம் அது. உலகம் நல்லது, படைத்தவர் நல்லவர், அப்படியானால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

புதிய ஏற்பாட்டில் பவுல் 2 கொரிந்தியர் 11:3இல் சர்ப்பம் ஏவாளை வஞ்சித்ததைக் குறிப்பிடுகிறார், பதினொரு வசனம் தள்ளி சாத்தான் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வதைச் சொல்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தாரே தவிர முடிச்சுப் போடவில்லை. முடிச்சு விழுவது கடைசிப் புத்தகத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 12:9இல்: பிசாசு என்றும் சாத்தான் என்றும் சொல்லப்பட்ட “பழைய பாம்பாகிய பெரிய வலுசர்ப்பம்”. அடுத்த நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற சபைப் பிதா இன்னும் ஒரு படி போய், ‘சத்தா’ என்றால் விலகிப்போனவன், ‘நாஸ்’ என்றால் பாம்பு, சேர்ந்தால் ‘சத்தானாஸ்’ என்று பதம் பிரித்துக் காட்டினார். மொழியியலில் இதற்கு இடமில்லை. ஆனாலும் இரண்டு உருவங்களும் எந்த அளவுக்கு ஒன்றாகிவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கண்ட அந்த வலுசர்ப்பத்துக்கு ஏழு தலை. ஏதேன் பாம்புக்கு ஏழு தலை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அது வேறு பரம்பரை. ஏசாயா 27:1இல் கர்த்தர் தம் வாளால் தண்டிக்கப்போகும் லிவியாதான் வருகிறது, நீண்ட பாம்பு, கோணலான சர்ப்பம் என்ற அடைமொழிகளோடு. சங்கீதம் 74இல் அதற்குப் பல தலைகள். இது தோட்டத்துப் பாம்பு இல்லை, கடலின் பாம்பு, படைப்புக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கிற நீரின் உருவம். 1929இல் சிரியாவின் கடற்கரையோரம் ராஸ் ஷம்ராவில் அகழ்வு தொடங்கி, உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. பாகால் தேவன் வீழ்த்திய லோத்தான் என்ற ஏழு தலைப் பாம்பு அந்தப் பலகைகளில் இருந்தது. ஏசாயாவின் அடைமொழிகள் இரண்டும் ஏறக்குறைய அதே எழுத்துகளில், ஏசாயாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே எழுதப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்து மக்களின் கதையை எடுத்து, வென்றவரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கீதம் 104இல் அதே லிவியாதான் கடலில் விளையாடுவதற்காகக் கடவுள் படைத்த ஒரு பிராணி. பயப்பட எதுவுமில்லை.

ஆக வெளிப்படுத்தின விசேஷத்தின் பாம்பில் தோட்டத்துத் தந்திரமும் கடலின் முரட்டுத்தனமும் கலந்திருக்கின்றன. தோற்றத்தைக் கடல் கொடுத்தது. குணத்தைத் தோட்டம் கொடுத்தது என்று அந்த 12ஆம் அதிகாரத்தின் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. ‘பிசாசு’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ‘தியாபொலோஸ்’, பழி தூற்றுபவன். ‘சாத்தான்’, குற்றம் சாட்டுபவன். கூடவே உலகமனைத்தையும் மோசம்போக்குகிறவன். அடுத்த வசனத்தில் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன். ஒரு பட்டம்கூட நகத்தையோ பல்லையோ பற்றியது இல்லை, எல்லாம் நாக்கைப் பற்றியவை. அவனை ஜெயித்தவர்கள் எதனால் ஜெயித்தார்கள் என்று பட்டியலிடும்போது ஆட்டுக்குட்டியின் இரத்தத்துக்கு அடுத்து நிற்பதும் ‘சாட்சியின் வசனம்’, இன்னொரு பேச்சு. பின்பு அதே அதிகாரத்தில் வரும் ஒரு ஸ்திரீயைத் துரத்தும் பாம்பு கடிக்க வருவதில்லை, வாயிலிருந்து வெள்ளத்தை ஊற்றுகிறது. பூமி தன் வாயைத் திறந்து அதை விழுங்கிவிடுகிறது. வாய்க்கு வாய்.

இந்தக் கண்ணோடு திரும்பிப் போய்ப் பார்த்தால் மற்ற இடங்களும் தெளிவாகின்றன. வனாந்தரப் பாம்புகள் வந்ததற்குக் காரணம் ஜனங்கள் தேவனுக்கும் மோசேக்கும் விரோதமாய்ப் பேசியது. சங்கீதம் 140 கெட்டவர்களின் நாவைப் பாம்பின் நாவோடு ஒப்பிட, உதட்டின் கீழ் விஷம் என்ற அதன் வரியைப் பவுல் ரோமர் நிருபத்தில் எடுத்துக்கொள்கிறார். பிரசங்கி 10:11இன் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது: “தடைகட்டப்படாத பாம்பு கடிக்குமே, அலப்புவாயனும் அதற்கு ஒப்பானவன்.” அலப்புவாயன்! அகராதி தேவைப்படாத சொல். இயேசு பரிசேயரை விரியன்பாம்புக் குட்டிகளே என்று மத்தேயு 12இல் கடிந்துகொள்ளும்போதும் அடுத்த வாக்கியம் பேச்சைப் பற்றித்தான். பொல்லாதவர்களாயிருக்க நலமானவைகளை எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்கிறார்.

மத்தேயு 4இல் இயேசுவிடம் சோதனைக்காரன் வரும்போது பாம்பு உருவம் எதுவும் இல்லை. ஆனால் முறை ஏதேனில் பார்த்த முறையே. கடவுளின் சொல்லைக் கொண்டே பேசுகிறான். தேவாலயத்து உப்பரிகையில் நின்று, தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சங்கீதம் 91லிருந்து எடுத்துக் காட்டுகிறான். 11ஆம் வசனம், 12ஆம் வசனம், அங்கே நிறுத்திவிடுகிறான். 13ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள்: விரியன்பாம்பின்மேல் நடந்து வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவாய் என்று இருக்கிறது. மத்தேயு இதைச் சுட்டிக்காட்டவில்லை. சங்கீதம் மனப்பாடமாய் இருந்த வாசகருக்குச் சுட்டிக்காட்ட அவசியமும் இல்லை.

சரி, பாம்பு என்றாலே தீமை என்று இந்த வேதம் முடிவுகட்டிவிட்டதா? அதுதான் இல்லை. நன்னெறிக் கதைகளும் பிரசங்கங்களும் பாம்பை ஒரே நிறத்தில் பூசினாலும் மூலநூல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கடிபட்ட ஜனங்களுக்கு மருந்தாக மோசே செய்தது ஒரு வெண்கலப் பாம்பு. கம்பத்தில் தூக்கி வைத்தார், அதைப் பார்த்தவர் பிழைத்தார். எபிரெயத்தில் பாம்பு ‘நாகாஷ்’, வெண்கலம் ‘நெகோஷெத்’, இங்கேயும் ஒரு ஓசை விளையாட்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள்’ என்று சொல்லும் அந்தப் பாம்புகளுக்கு மூலத்தில் ‘சாராஃப்’, எரிப்பவை, என்று பெயர். ஏசாயா 6இல் சிங்காசனத்தைச் சுற்றிப் பரிசுத்தர் பரிசுத்தர் என்று பாடும் சேராபீன்கள் என்ற சிறகுள்ள தூதர்களின் பெயரும் அதே சொல்லின் பன்மை. கடித்துக் கொன்றவைக்கும் துதி பாடியவைக்கும் ஒரே பெயர்.

வெண்கலப் பாம்பின் கதை அங்கே முடியவில்லை. பல நூற்றாண்டு கழித்து எருசலேமில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார், நிகுஸ்தான் என்று பெயரும் வைத்தார் (2 இராஜாக்கள் 18:4). அத்தோடு வெட்கப்பட்டு மறந்திருக்க வேண்டிய பொருள். ஆனால் யோவான் 3:14இல் இயேசு தம் சிலுவைச் சாவுக்கு உவமை தேடும்போது இதையே எடுக்கிறார்: மோசே சர்ப்பத்தை உயர்த்தினதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்படவேண்டும். எல்லாருக்கும் மனப்பாடமான 3:16க்கு இரண்டே வசனம் முன்னால் இருந்தும், இந்த உவமை பிரசங்க மேடைகளில் அதிகம் ஏறுவதில்லை. ஏறினால் கூச்சமாய்த்தான் இருக்கும், தீமையின் அடையாளத்தைக் கிறிஸ்துவின் அடையாளமாக வைப்பதென்றால் லேசா? ஜோர்தானில் நேபோ மலையுச்சியில் சிலுவையும் பாம்பும் ஒன்றாய்ப் பிணைந்த ஒரு உலோகச் சிற்பம் நிற்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையின் ஆயர்கள் பலர் பிடிக்கும் செங்கோலின் தலையில் இரண்டு பாம்புகள் முகம் பார்த்து நிற்கின்றன.

“சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள்” என்ற மத்தேயு 10:16க்கு வருவோம். ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் பாம்பின் ‘ஆரூம்’ குணத்துக்கு ‘ஃப்ரோனிமோஸ்’ என்ற சொல்லின் உச்சநிலையைப் பயன்படுத்தினார்கள். மத்தேயுவில் இயேசு சீஷருக்குச் சொல்லும் சொல்லும் ‘ஃப்ரோனிமோஸ்’தான். கிரேக்கத்தில் வாசித்தவருக்கு ஏதேன் உடனே ஞாபகம் வந்திருக்கும். தமிழில் ஒன்று ‘தந்திரம்’, இன்னொன்று ‘வினா’, அதாவது விவேகம், என்று பிரிந்துவிட்டதால் நமக்கு அந்தத் தொடர்பு அறுந்துபோனது. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது, சீஷர்களைத் தந்திரசாலிகளாக இருக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? இருந்தாலும், ஏவாளை ஏமாற்றிய அதே கூர்மை சீஷருக்கும் வேண்டும், கபடு மட்டும் கழிய வேண்டும் என்ற அந்த வாக்கியத்தின் துணிச்சல் இதில் மங்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு கதையையே மாற்றிய இடம் ஒன்று உண்டு, ஆதியாகமம் 3:15. ஸ்திரீயின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்ற வசனம். ‘வித்து’ என்பதற்கு எபிரெயத்தில் ஆண்பால் பிரதிப்பெயர் வருகிறது. அது ஒருவரையும் குறிக்கலாம், ஒரு சந்ததியையும் குறிக்கலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘அவர்’ என்று மரியாதை விகுதி போட்டு, இது கிறிஸ்துதான் என்று இலக்கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. லத்தீன் வேதாகமமோ ‘இப்ஸா’ என்று பெண்பாலில் போட்டது, ‘அவள்’ நசுக்குவாள். அந்த ஒரு எழுத்திலிருந்துதான் பாம்பை மிதித்து நிற்கும் மரியாளின் உருவங்களுக்குப் பெரும் வலு கிடைத்தது. சீர்திருத்தக் காலத்தில் அவனா அவளா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. 1605–06இல் காரவாஜியோ வரைந்த ஓவியம் ஒன்றில் இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு இருக்கிறது: மரியாளின் வெறுங்கால் பாம்பின் மேல், அந்தக் காலின் மேல் குழந்தை இயேசுவின் சிறு கால். இருவரும் சேர்ந்துதான் மிதிக்கிறார்கள். பாம்பு நெளிகிறது. பக்கத்தில் மரியாளின் தாய், வயதான அன்னாள், கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புனித பேதுரு பேராலயத்துக்காக வரைந்தது, சீக்கிரமே அங்கிருந்து அகற்றப்பட்டது, இப்போது ரோமின் போர்கேசே காட்சிக்கூடத்தில் இருக்கிறது. 1979இல் வெளியான புதிய லத்தீன் பதிப்பு அந்தச் சொல்லை ‘இப்ஸும்’, அதாவது ‘அது’ என்று திருத்திக்கொண்டது.

ஓவியர்கள் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு நல்லதல்ல. பாம்புக்குப் பெண் முகம் வைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் பெத்ருஸ் கொமெஸ்டோர், ஒத்தது ஒத்ததை விரும்பும் என்பதால் சாத்தான் கன்னிமுகம் கொண்ட பாம்பைத் தேர்ந்தெடுத்தான் என்று எழுதிவைத்தார். சிஸ்டின் சிற்றாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோவின் பாம்புக்கும் இடுப்புக்கு மேல் பெண்ணுடல்தான். வேதத்தில் இதற்கு ஒரு வரிகூட ஆதாரம் கிடையாது, எபிரெயத்தில் ‘நாகாஷ்’ ஆண்பால் சொல். ஏவாளையும் பாம்பையும் ஒரே முகமாக்கியதில், பக்கத்திலேயே நின்று ஒரு வார்த்தை பேசாமல் கனியை வாங்கித் தின்ற ஆதாம் சுலபமாகத் தப்பித்துக்கொண்டான்.

மாற்குவின் கடைசி அதிகாரத்தில், விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்ற வரி இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் முக்கியக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் அந்தப் பகுதியே இல்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பகுதியில் ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் ஏந்தும் சபைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயின. அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார்.

கடி என்றதும் அப்போஸ்தலர் நடபடிகள் 28 ஞாபகம் வருகிறது. கப்பல் உடைந்து மெலித்தா தீவில், இன்றைய மால்டாவில், கரையேறிய பவுல் மழையிலும் குளிரிலும் விறகு பொறுக்கித் தீயில் போடுகிறார். சூடு பட்டு வெளியே வந்த விரியன்பாம்பு அவர் கையைக் கவ்விக்கொள்கிறது. அது தொங்குவதைப் பார்த்த தீவார், இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பியும் பழி விடவில்லை என்றார்கள். பவுல் கையை உதறினார், பாம்பு தீயில் விழுந்தது. வீங்குவான், செத்து விழுவான் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒன்றும் ஆகாததைக் கண்டு, இவன் தேவன் என்று மாற்றிச் சொன்னார்கள். அந்த நூலை எழுதிய லூக்கா இரண்டு பேச்சையும் எழுதிவைத்துவிட்டு, பாம்பு யார் அனுப்பியது, எதற்கு அடையாளம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தீவின் முதலாளி புபிலியு தங்களை மூன்று நாள் அன்பாய்க் கவனித்துக்கொண்டதற்குப் போய்விடுகிறார்.